மணிக்கயிற்றில் ஒரு வாழைச்சீப்பு

"உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு!"

கண்டக்டரம்மா இதைச் சொல்லாத நாள் கிடையாது. பேருந்தில் ஆட்கள் மூட்டை மாதிரி அடைந்து கிடந்த காலத்தில் சொன்னாள். அதே பேருந்தின் இருக்கைகளைக் கழற்றி, தக்காளிப் பெட்டியும் கீரைக்கட்டும் அடுக்கி, காய்கறி வண்டியாக்கிய பிறகு, உள்ளே லாண்டரிக்காரர் ஒருவர் மட்டும் நின்று வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோதும் சொன்னாள்.

"யாரம்மா உள்ள போகணும்? நான் ஒருத்தன்தானே நிக்கிறேன்," என்பார் அவர்.

"பழக்கம் அண்ணே. மூளை ரிட்டயர் ஆயிடுச்சு, வாய் இன்னும் டூட்டியில இருக்கு."

பெண் கண்டக்டரை அதிசயமாகப் பார்த்த காலத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தவள். முதல் வாரம் ஆண்கள் வேண்டுமென்றே கடைசி நொடியில் படியில் தொற்றிக்கொண்டு அவளுக்கு வேடிக்கை காட்டினார்கள். அவள் கோபப்படவில்லை. கூரையோரமாக ஓடும் மணிக்கயிற்றை ஒருமுறை இழுத்து வண்டியை நிறுத்திவிட்டு, "எல்லாரும் ஏறி முடிச்சாச்சா? விருந்தாளி வர்ற வரைக்கும் காத்திருப்போம்," என்று இடுப்பில் கைவைத்து நின்றாள். மற்ற பயணிகள் போட்ட சத்தத்தில் வேடிக்கை காட்டுவது அன்றோடு நின்றது.

அந்த வண்டியின் டிரைவர் ஊமை இல்லை, ஆனால் பேச்சை அரிசி மாதிரி அளந்து போடுகிறவர். அவளுக்கும் அவருக்கும் நடுவே முதல் வருடம் முழுக்கப் பேச்சு என்று எதுவும் நடக்கவில்லை. ஒரு மணி அடித்தால் நிறுத்துவார், இரண்டு மணி அடித்தால் எடுப்பார். அவர்கள் இருவருக்கும் திருமணம் ஆனபின் ஒருநாள் அவரே சொன்னார்: "மத்தவங்க மணி அடிச்சா என்னை விரட்டுற மாதிரி இருக்கும். நீ அடிச்சா, போலாமான்னு கேக்குற மாதிரி இருந்துச்சு." வாழ்நாளில் அவர் சொன்ன மிக நீண்ட வாக்கியம் அதுதான் என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். கூடவே ஒரு புகாரும் வைத்திருந்தாள்: "வீட்டுல நான் தொண்டை கிழியக் கத்தினாலும் இந்த மனுஷன் காதுல ஏறாது. மணி அடிச்சா மட்டும் ஏறும். அடுப்பங்கரையில ஒரு மணி மாட்டணும்."

அவர்கள் வண்டி ஓடிய பேட்டை ஒரு சரிவில் இருந்தது. கீழே வார்டு அலுவலகம், பூட்டிப்போன தொழிற்சாலை, நாலைந்து தெருக்கள். அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து மேலே ஏறினால் மேட்டுத்தெரு. வாடகை குறைவு என்பதால் ஜனம் பாதிக்கு மேல் மேட்டில்தான் இருந்தது. சந்தையோ ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு பேருந்து மாற வேண்டும். ஒருமுறை பெரிய கடை ஒன்று கண்ணாடிக் கதவெல்லாம் போட்டு வந்தது. வந்த வேகத்திலேயே லாபம் இல்லை என்று கதவைக் கழற்றிக்கொண்டும் போய்விட்டது. மிஞ்சியது மூலைக்கடை. அங்கே எது கேட்டாலும் பாக்கெட்டில் இருக்கும். உடைத்தால் பாதி காற்று, மீதி உப்பு. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. "கீரை வாங்கி வச்சா சாயங்காலம் நானே திங்க வேண்டியிருக்கு. இது ஆறு மாசம் கெடாது," என்பார். கெடாதது சாப்பிட்டுச் சாப்பிட்டு மனிதர்கள் கெட்டுக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை இல்லாத வீடு அந்தப் பேட்டையில் இல்லை. ரத்தத்தில் இருந்த சர்க்கரையைத்தான் சொல்கிறேன்.

கண்டக்டரம்மாவின் அக்காவுக்கும் அதுதான். மேட்டுத்தெருவில் இரண்டாவது மாடி. முழங்கால் இரண்டும் மக்கர். பார்வையும் மங்கத் தொடங்கியிருந்தது. காயும் கீரையும் சாப்பிடாவிட்டால் கண்ணுக்கு உத்தரவாதம் இல்லை என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்தார். வண்டி மேட்டுக்கு ஓடியவரை தங்கை தினமும் வண்டியிலேயே ஒரு பை காய் கொண்டுபோய் மேட்டு ஸ்டாப்பில் இறக்குவாள். பிறகு ஒருநாள், வருமானம் போதவில்லை என்று மேட்டுக்குப் போகிற தடத்தைப் போக்குவரத்துத் துறை வெட்டியது. வண்டி அடிவாரத்தோடு திரும்பியது. கொஞ்ச நாளில் அவளும் அவரும் ஓய்வு பெற்றார்கள், வண்டியும் ஓய்வு பெற்றது. மூன்று பேரையும் ஒரே மாலையில் வழியனுப்பி வைத்ததாக அவள் சொல்லிக்கொள்வாள்.

அதன் பிறகுதான் நகராட்சி அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கடை போட ஆள் வராத பேட்டைகளுக்குப் பழைய பேருந்தில் காய்கறி. வண்டி நகராட்சியுடையது. சந்தையிலிருந்து சரக்கு கொண்டுவருகிற செலவை சுகாதாரத் துறை ஏற்கும், அதனால் சந்தை விலைக்கே விற்கலாம். எங்கே நிற்கலாம் என்று அனுமதி தருவது போக்குவரத்துத் துறை.

"ஒரு மருமகளுக்கு மூணு மாமியார்," என்றாள் கண்டக்டரம்மா. "வெளங்கினாப்லதான்."

சொன்னாளே தவிர, முதல் ஆளாகப் போய் வேலை கேட்டவளும் அவள்தான். வண்டியைக் காட்டியதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர்களுடைய அதே வண்டி. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் அவள் கைபட்டுத் தேய்ந்த கம்பி, கூரையோரமாக அதே மணிக்கயிறு. டிரைவர் ஒன்றும் பேசாமல் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தார். அது அவருடைய சம்மதம்.

வண்டி வார்டு அலுவலக வாசலில் நிற்க வேண்டும், அசையக் கூடாது. அனுமதி அப்படி. அவள் வண்டியை வீடு மாதிரி வைத்திருந்தாள். கீரைக்கு மேல் ஈரச்சாக்கு, கேரட்டுக்குத் தனிப்பெட்டி, கடைசி வரிசை இருந்த இடத்தில் பூசணிகள் பெரிய மனிதர்கள் மாதிரி சாய்ந்து கிடந்தன. வாழைப்பழத்தைக் கீழே வைத்தால் கறுத்துப்போகும் என்று சீப்புகளைக் கொக்கிபோட்டு மணிக்கயிற்றிலேயே வரிசையாகத் தொங்கவிட்டாள். பழம் கேட்டால் யாரையும் தொட விடமாட்டாள். இடது கையால் கயிற்றைத் தாங்கிப் பிடித்து, வலது கையால் சீப்பை மெல்லத் தூக்கி எடுப்பாள், மணி சிணுங்காது. கீரை வாடாமல் இருக்க உள்ளே மின்விசிறிகள் ஓட வேண்டும். அதற்காக டிரைவர் எஞ்சினை ஓடவிட்டு, தன் இருக்கையில் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஏதோ ஒரு ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பார்.

எல்லாம் சரியாக இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. கீழ்த்தெருக்காரர்கள் வந்தார்கள், மேட்டிலிருந்து ஒரு காக்கை இறங்கவில்லை. மாலையில் வாடிய கீரையை அள்ளும்போது அவளுக்கு வயிறெரியும்.

"சோம்பேறிங்க," என்று அக்காவிடம் போய்ப் பொரிந்து தள்ளினாள். "வாசலுக்கு வந்த காயை வாங்க வலிக்குதா உங்களுக்கு?"

"யார் வாசலுக்குடி?" என்றாள் அக்கா. "உன் வண்டி என்ன பெரிய துரையா, நாங்க இறங்கி வந்து பாக்குறதுக்கு? இறங்கிடுவேன். பூசணிக்காயைத் தூக்கிக்கிட்டு ஏறச் சொல்லு பாப்போம். வீடு வந்து சேரும்போது காய் இருக்கும், நான் இருக்க மாட்டேன்."

"சாக்குப்போக்கு."

"நீ ஏறி வந்தியே, மூச்சு வாங்குதே, அதுவும் சாக்குப்போக்கா?"

உண்மையிலேயே கண்டக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டி நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறது, ஜனங்கள் வரவேண்டியதுதானே என்றே நினைத்தாள். அனுமதிச் சீட்டுக்கு வெளியே யோசித்து அவளுக்குப் பழக்கமில்லை.

மழை தொடங்குவதற்குள் விற்பனை ஏறாவிட்டால் வண்டியை எடுத்துவிடுவார்கள் என்று செய்தி வந்தது. பார்வையிட அதிகாரி வருகிறார் என்றும் வந்தது. அவர் வரும் நாளன்று அவள் தக்காளியை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். டிரைவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்ததோடு, "அவங்க முன்னாடி கொட்டாவி விட்டீங்க, அவ்வளவுதான்," என்று எச்சரிக்கையும் கொடுத்தாள்.

சுகாதாரத் துறை அதிகாரி நடுத்தர வயதுப் பெண். பருத்திப் புடவை, தோளில் கனமான பை, முகத்தில் சோர்வு. திட்டத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியவரே அவர்தான் என்பது கண்டக்டரம்மாவுக்குத் தெரியாது. அவள் கண்ணுக்கு அவர் வண்டியைப் பிடுங்க வந்தவர். வண்டிக்குள் அப்போது லாண்டரிக்காரரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் மட்டும் இருந்தார்கள்.

"உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு!" வாய் முந்திக்கொண்டது.

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். "எடம்தான் நிறைய இருக்கு," என்றார். குரலில் கிண்டல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் கண்டக்டரம்மாவை இன்னும் கலக்கியது.

"காலையிலயே கூட்டம் வந்து போயிடுச்சுங்க," என்று அவள் ஒரு பொய்யை எடுத்துவிட்டாள்.

"ஆமா, நான்தான் அந்தக் கூட்டம்," என்றார் லாண்டரிக்காரர், உதவி செய்வதாக நினைத்து.

அவள் அவரை முறைத்தாள். அந்த முறைப்பில் அதிகாரியை ஒரு நொடி விட்டுவிட்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அதிகாரி, தலைக்கு மேல் தொங்கிய பழத்தைப் பார்த்து, "இதுல ஒரு சீப்பு நானே எடுத்துக்கிறேன்," என்று கையை உயர்த்திச் சீப்பைப் பிடித்து இழுத்தார்.

டிங்.

கொக்கி விடவில்லை. இன்னொரு முறை பலமாக இழுத்தார்.

டிங்.

டிரைவரின் கண் முழுதாகக்கூடத் திறந்திருக்காது. கை கியரைத் தேடிப் போட்டது, கால் கிளட்சை விட்டது, வண்டி புறப்பட்டது. திரும்பிப் பார்ப்பது அவர் வழக்கத்திலேயே இல்லை. இரண்டு மணி அடித்தபின் பின்னால் என்ன நடந்தாலும் அது கண்டக்டரின் பொறுப்பு.

"ஏங்க! ஏங்க! நிறுத்துங்க!" என்று அவள் அலறினாள்.

வீட்டிலேயே கேட்காத காது, எஞ்சின் சத்தத்தில் எங்கே கேட்கும்? வண்டி எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கவில்லை. பழைய தடம் அதற்கு மனப்பாடம். வளைந்து மேட்டில் ஏறத் தொடங்கியது. முதலில் வெங்காயம் கிளம்பியது, அப்புறம் உருளைக்கிழங்கு, அப்புறம் முட்டைக்கோசு ஒன்று கடைசி வரிசையைப் பார்த்து நிதானமாக உருண்டு போனது. லாண்டரிக்காரர் கம்பியைக் கட்டிப்பிடித்தார். குழந்தைக்காரி கீரைச்சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டாள். குழந்தை சிரிக்க ஆரம்பித்தது. அதிகாரி பூசணிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்திருந்தார், மடியில் வாழைச்சீப்பு.

"மணியை அடிம்மா! ஒரு மணி அடி!" என்று கத்தினார் லாண்டரிக்காரர்.

கண்டக்டரம்மாவின் கை கயிறு வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. "மேட்டுல அடிக்கக் கூடாது அண்ணே! அடிச்சா நடுச்சரிவுல நிறுத்திடுவார். இந்தப் பாரத்தோட வண்டி பின்னால உருளும்!"

"அப்ப?"

"அப்ப என்ன, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. அடுத்த ஸ்டாப் மேட்டுத்தெரு!"

சொன்னபிறகுதான் அவள் தன் குரலைக் கேட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தப் பெயரைக் கூவியிருந்தாள்.

பழைய ஸ்டாப்பில், அந்தப் பழைய மின்கம்பத்துக்கு நேராக, வண்டி அலுங்காமல் நின்றது. டிரைவர் அப்போதுதான் தலையைத் திருப்பினார். பூசணிகளுக்கு நடுவே அதிகாரியைப் பார்த்தார்.

அதிகாரி எழுந்து புடவையை உதறினார். கண்டக்டரம்மா உருண்டு கிடந்த முட்டைக்கோசை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அசையக் கூடாத வண்டி அசைந்துவிட்டது, அதுவும் அதிகாரியை ஏற்றிக்கொண்டு. மழை வரை எதற்கு, இன்றைக்கே முடிந்தது.

"இந்த வண்டி எங்க நிக்கணும்?" என்று கேட்டார் அதிகாரி.

"கீழங்க."

"இப்ப எங்க நிக்குது?"

"மேலங்க."

"யார் எடுக்கச் சொன்னது?"

கண்டக்டரம்மா டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் மணிக்கயிற்றைப் பார்த்தார். கொக்கியில் சீப்பு இல்லாத இடத்தைப் பார்த்தார். பிறகு அதிகாரியின் கையைப் பார்த்தார்.

"நீங்கதான் மேடம்," என்றார். "ரெண்டு மணி அடிச்சீங்க. எடுத்தேன்."

இது வேறு யாராவது சொல்லியிருந்தால் வாய்க்கொழுப்பு. அவர் சொன்ன விதத்தில் வெறும் உண்மை. லாண்டரிக்காரர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அதிகாரி தன் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மெதுவாக அவருக்கு விஷயம் விளங்கியது.

அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அடியே! எனக்காகவா மேல வந்தே?"

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கை ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா வாழ்நாள் முழுக்கக் கொண்டாடியிருப்பாள். ஆனால் அன்றைக்கு ஒரு பொய் ஏற்கெனவே செலவாகிவிட்டது.

"இல்லக்கா! வாழைப்பழம் கூட்டிட்டு வந்துடுச்சு!"

எஞ்சின் சத்தம் கேட்டு மேட்டுத்தெரு வெளியே வரத் தொடங்கியது. முதலில் குழந்தைகள். பிறகு இரவு வேலை முடித்துத் தூங்கப்போன ஆண்கள், தலை கலைந்து. பிள்ளைகளை இடுப்பில் வைத்த பெண்கள். கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர், "ரூட்டு மறுபடி விட்டுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், படியில் கால் வைத்து உள்ளே பார்த்து, "அட, காய்!" என்றார். கூடைக்குள் பணத்தைப் போட்டு அக்கா கயிற்றில் இறக்கினாள். "கீரை ரெண்டு கட்டு, கேரட்டு, அந்தக் குட்டிப் பூசணி. நசுங்கினதைத் தலையில கட்டினே, இறங்கி வந்து அறைவேன்."

"உன் முட்டியை வச்சுக்கிட்டா?"

"உனக்காக இறங்குவேன்டி."

உருண்டு கிடந்த வெங்காயத்தையெல்லாம் பிள்ளைகளே பொறுக்கிப் பெட்டியில் போட்டார்கள். வண்டிக்குள் நிற்க இடமில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு!" என்று கண்டக்டரம்மா கூவினாள். இம்முறை உண்மையிலேயே சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டத்தின் நடுவே அதிகாரி முட்டைக்கோசு எடைபோட்டுக்கொண்டிருந்தார். யாரோ அவரை வண்டியில் வேலை செய்கிறவர் என்று நினைத்துக் கேட்டதற்கு, அவரும் மறுக்காமல் செய்துகொண்டிருந்தார்.

கூட்டம் குறைந்ததும் அவர் கண்டக்டரம்மாவிடம் வந்தார். "மூணு மாசமா நான் மேசையில உக்காந்து மண்டையை உடைச்சிக்கிட்டிருக்கேன், ஏன் விக்கலைன்னு. இன்னைக்கு வந்தப்பவும் கீழ நின்னு மேட்டைப் பாத்தேன். ஏறிப் பாக்கத் தோணலை."

"எனக்கு மட்டும் தோணுச்சா?" என்றாள் கண்டக்டரம்மா. "எங்கக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னா. சோம்பேறின்னு திட்டிட்டு வந்தேன்." கொஞ்சம் நின்று கேட்டாள்: "வண்டியை எடுத்துடுவீங்களா?"

"எடுக்கத்தான் போறேன்," என்றார் அதிகாரி. "இதுக்கு அடுத்த ஸ்டாப் எது?"

"தண்ணித்தொட்டிங்க. ஆனா அனுமதி…"

"வண்டியை நகர்த்தினது நான். பார்வையிட வந்த அதிகாரி வண்டியை எடுக்கச் சொன்னா எடுக்கத்தானே வேணும்? மத்த ரெண்டு மாமியாரை நான் பாத்துக்கிறேன்." மாமியார் கதை அவர் காதுக்கு எப்படிப் போனது என்று கண்டக்டரம்மா விழித்தாள். லாண்டரிக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரி கையை உயர்த்தி, இந்த முறை வேண்டுமென்றே, இரண்டு மணி அடித்தார். டிரைவர் எடுத்தார்.

மாமியார்களைச் சமாளிப்பது அவ்வளவு சுலபமாக நடந்துவிடவில்லை. நிற்கிற வண்டிக்கு ஒரு விதி, ஓடுகிற வண்டிக்கு ஒரு விதி, நின்று நின்று ஓடுகிற வண்டிக்கு விதியே இல்லை என்றார்கள். அதிகாரி விடாமல் படியேறினார். ஒருநாள் மேட்டுத்தெருவே அவரோடு நகராட்சிக் கூட்டத்துக்கு வந்தது. கைத்தடிப் பெரியவர் எழுந்து, "எங்க பஸ்ஸை வெட்டினீங்க, சரி. காயையாவது விடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மழை வந்தபோது வண்டி எட்டு இடங்களில் நின்று போகிற தடமாக ஆகியிருந்தது. சரிவில் உருளாதபடி பெட்டிகளுக்கு நகராட்சியே தடுப்புக்கட்டை அடித்துக் கொடுத்தது. மூலைக்கடைக்காரர் வந்து பார்த்தார், முகம் சுளித்தார், பிறகு வண்டி வராத நாளுக்குத் தக்காளியும் வெங்காயமும் தன் கடையில் வைக்கத் தொடங்கினார்.

மணிக்கயிற்றை அறுத்துவிடலாம் என்று பணிமனையில் சொன்னார்கள். "என் கழுத்தை முதல்ல அறுங்க," என்றாள் கண்டக்டரம்மா. பழத்துக்குத் தனிக்கம்பி வந்தது. கயிறு இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்கப்புறம் பல வருடம் அவள் அந்தச் சரிவில் ஏறி இறங்கினாள். அக்காவின் பார்வை இன்றுவரை நிற்கிறது. ஜன்னலிலிருந்தே வெள்ளரி வளைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு நிற்கிறது. அக்காவை முந்திக்கொண்டு போனது தங்கைதான். ஒரு குளிர்கால வாரம், காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவளைக் கொண்டுபோன அன்றைக்கு எட்டு ஸ்டாப்பிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் பை கொண்டுவரவில்லை.

இப்போது டிரைவரோடு குழந்தைக்காரி வருகிறாள். அன்று கீரைச்சாக்கில் உட்கார்ந்திருந்தவள்தான். அவள் எடைபோடுவாள், பணம் வாங்குவாள், ஆனால் மணி அடிப்பது அவள் வேலை இல்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கடைசியாக வாங்குகிறவர்தான் மணி அடிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் தொடங்கினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். பிள்ளைகள் அதற்காகவே கடைசியில் நிற்கப் பார்ப்பார்கள், சண்டையும் வரும்.

டிரைவர் இன்றும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பேசுகிறார். மேட்டுத்தெருவில் கூட்டம் படியில் தேங்கும்போது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, பழக்கமில்லாத தொண்டையில் கூவுகிறார்:

"உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு!"

"அவ சொன்ன மாதிரி இல்லை!" என்று மாடி ஜன்னலிலிருந்து அக்கா கத்துவாள். "இன்னும் கொஞ்சம் ராகமா!"

அவர் இன்னொரு முறை, கொஞ்சம் ராகமாகக் கூவுவார். கூடை இறங்கும்.